தனுஷ்கோடியை ஓர் இரவுக்குள் அடைக்காதீர்கள்: தெற்கு ரயில்வேக்கு ஒரு திறந்த மடல்

தெற்கு ரயில்வேயின் பொது மேலாளர், மதுரைக் கோட்ட மேலாளர், ரயில்வேயின் பாரம்பரியச் சின்னங்களைக் கவனிக்கும் அலுவலர்கள் ஆகியோருக்கு,

வணக்கம்.

வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பள்ளியில் சுற்றுலா என்றால் இன்னும் என்னைக் கூப்பிடுவார்கள். தனுஷ்கோடி என்றால் கூப்பிடாமலே போய் நிற்பேன். கடந்த முறை பிள்ளைகளை ரயில் நிலையத்தின் இடிந்த சுவர்களுக்கு நடுவே நிறுத்தி வழக்கமான பாடத்தை ஆரம்பித்தேன். 1964 டிசம்பர் 22, நள்ளிரவு, பனைமர உயரம் என்று சொல்லப்படும் அலை, கடலில் மூழ்கிய பாசஞ்சர் ரயில். பிள்ளைகள் கண்கொட்டாமல் கேட்டார்கள். முடித்ததும் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கையைத் தூக்கினான்.

"ஐயா, டிக்கெட் கொடுத்த இடம் எது? கப்பல் எந்தப் பக்கம் நின்றது?"

கையை நீட்டிக் காட்டலாம் என்று திரும்பினேன். இரண்டு பக்கமும் கடல். பொதுவாக ஒரு திசையில் கையை வீசிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். அந்தப் பையன் என்னை நம்பவில்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. பேருந்தில் திரும்பி வரும்போது அந்த முகம்தான் உறுத்திக்கொண்டிருந்தது. இத்தனை வருடமாக இந்த ஊரைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லிவருகிறேன். ஊர் செத்த கதையைத் தவிர, ஊர் வாழ்ந்த கதை ஒன்றுகூட என் பாடத்தில் இல்லை.

என் பாடம் மட்டும் அப்படியில்லை. தனுஷ்கோடிக்குப் போகிறவர்கள் எல்லோரும் பேய் நகரத்தைப் பார்க்கத்தான் போகிறார்கள். இடிந்த தேவாலயத்தின் முன்னால் படம் எடுக்கிறார்கள். கடலுக்கடியில் இன்னும் ரயில் கிடக்கிறது என்று வேன் ஓட்டுபவர் சொல்வதைக் கேட்டுச் சிலிர்த்துக்கொள்கிறார்கள். சங்கு, பாசிமணி வாங்கிக்கொண்டு அரிச்சல்முனைக்குப் போய்விடுகிறார்கள். ஓர் ஊரின் ஐம்பது ஆண்டுகால வாழ்க்கையை ஒற்றை இரவாகச் சுருக்கிவிட்டோம். அதை விரித்துக் காட்டக் கூடிய காகிதங்கள் யாரிடமாவது இருக்க வேண்டும் என்றால், அது உங்களிடம்தான் இருக்க வேண்டும். ஏனென்றால் அந்தத் துறைமுக ஊரை உருவாக்கியது ரயில்வே. மூடியதும் ரயில்வே. கம்பெனிக்காரன் காலத்துச் சங்கதி என்று நீங்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது. 1951 ஏப்ரல் 14 அன்று தெற்கு ரயில்வே உருவானபோது தென்னிந்திய ரயில்வேயின் பாலமும் தண்டவாளமும் உங்கள் கைக்கு வந்தன. அவற்றோடு பொறுப்பும் சேர்ந்தேதான் வந்தது. தனுஷ்கோடியின் கடைசி பதின்மூன்று ஆண்டுகள் முழுக்க உங்களுடையவை.

அந்த மணல்முனைக்கு ரயில் எதற்காகப் போனது என்பதிலிருந்தே தொடங்குகிறேன். சென்னையிலிருந்து கொழும்புக்குப் போக அதற்கு முன்பே வழி இருந்தது. 1876-இலேயே தூத்துக்குடிக்கு ரயில் வந்துவிட்டது. அங்கே இறங்கி நீராவிக் கப்பல் ஏற வேண்டும். ஓர் இரவு முழுக்கக் கடலில் குலுங்கிக்கொண்டே போக வேண்டும். வ.உ.சி. சுதேசிக் கப்பல் விட்டு வெள்ளைக்காரக் கம்பெனியோடு மோதினாரே, அதே தூத்துக்குடி–கொழும்பு வழித்தடம்தான். வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு பார்த்தவர்களுக்கு வேறொரு விஷயம் கண்ணில் பட்டது: தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கடல் ஏறத்தாழ 35 கிலோமீட்டர்தான். அதிலும் நடுவில் வரிசையாக மணல்திட்டுகள். அந்தத் திட்டுகளின் மேலேயே தண்டவாளம் போட்டு இலங்கைக்கு நேராக ரயில் விட்டுவிடலாம் என்றுகூடத் திட்டம் வகுத்தார்கள். அது நடக்கவில்லை. மிஞ்சியது, இரண்டு கரையிலும் ரயில், நடுவில் மட்டும் கப்பல் என்ற ஏற்பாடு. 

மதுரையிலிருந்து மண்டபம் வரை 1902-இல் பாதை வந்தது. அடுத்தது பாம்பன் கால்வாய். அதைத் தாண்டி இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளத்தில் கடல்மேல் பாலம் கட்டி, 1914 பிப்ரவரி 24 அன்று திறந்தார்கள். அதே ஆண்டில் கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை அரசு ரயில்வே மதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரை தன் பாதையைக் கொண்டுவந்து சேர்த்தது. இரண்டு நாடுகளின் தண்டவாளங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு கரைகளில் வந்து நின்றன.

பாம்பன் பாலத்தைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் அதன் நடுப்பகுதியைச் சொல்லாமல் விடமாட்டார்கள். ஷெர்சர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் வந்து கட்டியது என்று பல கட்டுரைகளில் படித்திருக்கிறேன். நானும் ஒரு காலத்தில் வகுப்பில் அப்படியே சொல்லியிருக்கிறேன். வில்லியம் ஷெர்சர் அமெரிக்கர், சிகாகோவில் தொழில் செய்தவர். இந்த உருளும் தூக்குப்பாலத்தை வடிவமைத்துவிட்டு 1893-இலேயே காலமாகிவிட்டார். பாம்பனை அவர் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. ஒரு பிழை நூறு இடத்தில் அச்சேறுகிறது என்றால், சரியான தகவல் உரியவரிடம் தூங்கிக்கொண்டிருக்கிறது என்றுதானே அர்த்தம்? உரியவர் நீங்கள்.

இப்போது டிக்கெட்டுக்கு வருகிறேன். சென்னை எழும்பூரில் ஒரே டிக்கெட் வாங்கிக்கொண்டு கொழும்பு வரை போகலாம். இரவு போட் மெயிலில் ஏறினால் மறுநாள் பகலில் தனுஷ்கோடி. அங்கே சுங்கச் சோதனை முடித்துக் கப்பல். இர்வின், கோஷன் என்று இரண்டு கப்பல்களைப் பழைய ஆட்கள் இன்னும் பெயர் சொல்லிப் பேசுவார்கள். ஒன்று வைஸ்ராயின் பெயர், மற்றொன்று சென்னை மாகாண ஆளுநரின் பெயர். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் தலைமன்னார். அங்கே காத்திருக்கும் ரயிலில் ஏறிப் படுத்தால் விடியும்போது கொழும்புக் கோட்டை நிலையம். ராமேஸ்வரம் போகும் எழும்பூர் ரயிலை மக்கள் இன்றும் போட் மெயில் என்றுதான் சொல்கிறார்கள். போட் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. பெயர் மட்டும் தினமும் இரவு எழும்பூரிலிருந்து புறப்பட்டுப் போய்க்கொண்டிருக்கிறது.

அந்த வழியாகக் கோட்டும் தொப்பியும் போட்டவர்கள் மட்டும் போகவில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் திரட்டிக்கொண்டு போன ஏழைச் சனங்களும் போனார்கள். அவர்களுக்கும் டிக்கெட் இருந்தது. காகிதத்தில் இல்லை, தகரத்தில். எந்தத் தோட்டத்துக்கு உரிய ஆள் என்பதைக் காட்டும் எழுத்தும் எண்ணும் பொறித்த ஒரு சின்னத் தகர வில்லை. அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். வழிச்செலவைத் தோட்டம் கொடுத்துவிடும். பிறகு அது அவர்கள் பேரில் கடனாக ஏறும். மண்டபம் முகாமில் தடுத்துவைத்து, நோய் இல்லை என்று பார்த்து உறுதிசெய்த பிறகே கப்பலுக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து பாலம், பாலத்துக்கு அப்பால் மணல், மணலுக்கு அப்பால் கடல்.

அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஒரே ரயில். ஒரு பெட்டியில், சட்டைப் பையில் கொழும்பு வரைக்குமான காகித டிக்கெட்டோடு ஒருவர். இன்னொரு பெட்டியில், கழுத்தில் தகரத்தோடு ஒரு குடும்பம். இருவரும் இறங்கியது அந்த ஒரே நிலையத்தில். மலையகத் தமிழர்களின் வரலாற்றை எழுதும் ஒருவர் தனுஷ்கோடி பிளாட்பாரத்தைத் தாண்டி எழுத முடியாது. ஆனால் அந்தப் பிளாட்பாரத்தில் நின்றால் அதைச் சொல்ல ஒரு வரி கண்ணில் படுவதில்லை.

ராமேஸ்வரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இன்றைக்கு ராமேஸ்வரம்தான் கடைசி நிலையம் என்பதால், தனுஷ்கோடி அதன் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த குக்கிராமம் என்று பலர் நினைக்கிறார்கள். பாம்பன் சந்திப்பில் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று ராமேஸ்வரம் போனது; கொழும்புப் பயணிகளைச் சுமந்துகொண்டு பெரிய வண்டிகள் போனது மற்றொன்றில், தனுஷ்கோடிக்கு. கோயில் கிளையில் இருந்தது, துறைமுகம் தலைமைப் பாதையில் இருந்தது. காசிக்குப் போய் வந்தவர்கள் கங்கை நீரோடு ராமேஸ்வரம் வருவதும், சேது நீராடத் தனுஷ்கோடி போவதும், அங்கிருந்து மணல் எடுத்துக் காசிக்குக் கொண்டுபோவதும் ரயிலுக்கு மிக முந்தைய வழக்கம். ரயில் வந்தது அவர்களுடைய கால்களுக்குக் கிடைத்த ஓய்வு.

இந்தப் பாதையில் நடந்த ஒரு சின்ன நிகழ்ச்சியை நாடே அறியும். இரண்டாம் உலகப்போரின்போது ராமேஸ்வரம் நிலையத்தில் வண்டி நிற்பதை நிறுத்திவிட்டார்கள். செய்தித்தாள் கட்டுகளை ராமேஸ்வரம் ரோடு நிலையத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஓடும் ரயிலிலிருந்து வெளியே வீசுவார்கள். கட்டுகளைப் பொறுக்கி எடுத்து ஊருக்குள் சேர்க்கும் வேலையில் உறவினர் ஒருவருக்கு உதவிய சிறுவன்தான் பின்னாளில் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம். தன் கையால் சம்பாதித்த முதல் பணம் அது என்று அவரே பெருமையோடு சொல்லியிருக்கிறார். அந்தத் தண்டவாளம் எந்த இடத்தில் ஓடியது என்று இன்று கேட்டால் காட்ட ஆள் தேட வேண்டும். அவருடைய நினைவிடத்துக்கு அவ்வளவு கூட்டம் வருகிறது. அவருக்கு முதல் கூலி கொடுத்த பாதை மணலுக்கடியில் கிடக்கிறது.

மணல் என்றதும் நினைவுக்கு வருகிறது. தனுஷ்கோடிச் சாலையில் போனவர்களுக்குத் தெரியும், காற்று பலமாக வீசும் காலத்தில் தார்ச்சாலையின் மேலேயே மணல் நாக்கு நீட்டிக்கொண்டு வந்து படுத்திருக்கும். காலையில் அள்ளினால் மாலையில் மறுபடி. இன்று அள்ளுவதற்கு இயந்திரம் இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் ஐம்பது ஆண்டுகள் மீட்டர் கேஜ் தண்டவாளத்தைத் திறந்து வைத்திருந்தார்கள் என்றால், மண்வெட்டி பிடித்த கேங்மேன்கள் எத்தனை பேர், அவர்கள் எங்கே குடியிருந்தார்கள், குடிக்கத் தண்ணீருக்கு என்ன செய்தார்கள்? நிலையத்தின் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டியின் மிச்சம் நிற்கிறது. ஒருநாள் அங்குள்ள சுவர் ஒன்றைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். செங்கல் என்று தூரத்திலிருந்து நினைத்தது செங்கல் இல்லை. பவளப்பாறையை வெட்டி அடுக்கியிருக்கிறார்கள். பூ மலர்ந்ததுபோல் சின்னச் சின்ன வட்டங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் நட்சத்திரக் கோடுகள். ஒரு காலத்தில் கடலுக்குள் உயிரோடு இருந்தது, பிறகு சுவரானது. இப்போது உப்புக்காற்றில் மாவாக உதிர்கிறது. விரலால் தேய்த்தால் கையோடு வருகிறது. தொடாதீர்கள் என்று பிள்ளைகளை அதட்டினேன். ஆனால் காற்றை யார் அதட்டுவது?

அந்த இரவைப் பற்றி நான் நீட்டி எழுதப் போவதில்லை. எல்லோரும் எழுதியாயிற்று. 653-ஆம் எண் பாம்பன்–தனுஷ்கோடி பாசஞ்சர், ஆறு பெட்டிகள், நள்ளிரவுக்குச் சற்று முன் பாம்பனை விட்டுக் கிளம்பியது, தனுஷ்கோடியை நெருங்கும்போது கைகாட்டி வேலை செய்யவில்லை, ஓட்டுநர் நிறுத்திப் பார்த்துவிட்டு மெல்ல நகர்த்தினார், அலை வந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. பயணிகள் 110 பேர், ஊழியர் 5 பேர், ஆக 115 என்று பெரும்பாலும் எழுதுகிறார்கள். டிக்கெட் இல்லாதவர்களையும் சேர்த்தால் இருநூறை நெருங்கும் என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு ரயிலில் எத்தனை பேர் போனார்கள் என்பது பேச்சாகவே இருப்பது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. அந்த ஐந்து ஊழியர்கள் உங்கள் ஊழியர்கள். சம்பளப் பட்டியலில் பெயர் இருந்தவர்கள். அலையின் உயரத்தைச் சொல்லும் நாங்கள் அவர்களின் பெயரையும் சொல்ல ஆசைப்படுகிறோம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். பாம்பன் பாலத்தின் இரும்புக் கர்டர்கள் நூற்றுக்கும் மேல் கடலில் விழுந்துவிட்டன. ஷெர்சரின் தூக்குப்பகுதி மட்டும் அசையாமல் நின்றது. அப்போது இளம் பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரன், மீனவர்கள் காட்டிய இடங்களில் கடலடியிலிருந்து கர்டர்களைத் தூக்கி எடுத்து, 46 நாட்களில் பாலத்தை மறுபடி நிறுத்தினார். மாதக்கணக்கில் ஆகும் என்று நினைத்த வேலை அது. உங்கள் நிறுவனத்தின் சாதனைப் பட்டியலில் நியாயமாகவே அது முதல் வரிசையில் இருக்கிறது. பாம்பன் தாண்டி ரயில் மறுபடி ராமேஸ்வரம் போனது. தனுஷ்கோடிப் பாதை அப்படியே விடப்பட்டது. மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. அந்த முடிவு தவறு என்று நான் சொல்லவில்லை. அன்றைய நிலையில் நானே அதிகாரியாக இருந்தாலும் ஒருவேளை அதையேதான் எழுதியிருப்பேன். ஆனால் அதை எழுதிய கோப்பு ஒன்று இருக்கும் அல்லவா? ஓர் ஊருக்கு இனி ரயில் இல்லை என்று கையெழுத்திட்ட தாளை அந்த ஊரின் பேரப்பிள்ளைகள் படித்துப் பார்க்கக் கூடாதா? இன்றும் அங்கே கீற்றுக்குடிசை போட்டு, மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்துக்கொண்டு, மீன்பிடித்து வாழும் குடும்பங்கள் இருக்கின்றன. வாழத் தகுதியற்றது என்ற அறிவிப்புக்கு அவர்கள் தங்கள் பாணியில் பதில் சொல்லிவிட்டார்கள்.

புயலுக்குச் சரியாக 53 நாட்களுக்கு முன்னால், 1964 அக்டோபர் 30 அன்று, சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கையிலிருந்து 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. தகரம் மாட்டிக்கொண்டு போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் திரும்பி வர வேண்டிய நேரம். எந்தத் துறைமுகத்தின் வழியாகத் தாத்தா போனாரோ, பேரன் திரும்பி வரும்போது அந்தத் துறைமுகம் இல்லை. ராமானுஜம் என்ற கப்பலில் தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்கு வந்து இறங்கினார்கள். அங்கிருந்து மறுபடியும் அதே மண்டபம் முகாம். போர் தொடங்கிய எண்பதுகளில் அந்தக் கப்பலும் நின்றுபோனது.

எதிர்க்கரையிலும் இதேபோல ஒரு கதை உண்டு. 1990-இல் போரில் தலைமன்னார்ப் பாதை நாசமானது. ஆனால் அது அப்படியே கிடக்கவில்லை. இந்திய ரயில்வேயின் நிறுவனமான இர்கான் போய் அந்தப் பாதையை மறுபடி போட்டது. 2015 மார்ச்சில் பிரதமர் மோடி கொடியசைக்க, ரயில் மறுபடி தலைமன்னாருக்குப் போனது. அந்த முனையில் நம்மவர்கள் போட்ட பாதையில் இன்று வண்டி வந்து நிற்கிறது. இந்த முனையில் நம் சொந்த நிலையத்தின் சுவரில் ஆடு நிழலுக்கு ஒதுங்குகிறது.

இதைப் படித்துவிட்டு, 'ஓ, தனுஷ்கோடிக்கு மறுபடி ரயில் கேட்கிறார்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நான் கேட்கவில்லை. 2019 மார்ச்சில் ராமேஸ்வரம்–தனுஷ்கோடி புதிய பாதைக்கு அடிக்கல் நாட்டியபோது எல்லோரையும் போல நானும் துள்ளிக் குதித்தேன். பிறகு நிதானமாக யோசித்தேன். சூழல் பாதுகாப்பைச் சொல்லித் தமிழ்நாடு அரசு மறுத்ததும் திட்டம் நின்றுபோனதும் எனக்கு இப்போது வருத்தமாக இல்லை. 2025 ஜூனில் தனுஷ்கோடியைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்துவிட்டார்கள். குளிர்காலத்தில் அந்தச் சதுப்பில் பூநாரைகள் வரிசையாக நின்று தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்து மேய்வதைப் பார்த்தவர்கள், அங்கே டீசல் எஞ்சின் வர வேண்டும் என்று சொல்லமாட்டார்கள். போதாததற்கு 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை போட்டதிலிருந்து வருகிற கூட்டமே தாங்கவில்லை. பாதை வேண்டாம். பாதையின் வரலாறு வேண்டும்.

அதற்குப் பெரிய செலவும் இல்லை. தனுஷ்கோடி நிலையத்தின் வரைபடம், பாம்பன் சந்திப்பிலிருந்து போன பாதையின் தள வரைபடம், கால அட்டவணைகள், கட்டணப் பட்டியல், கப்பல் நேரங்கள், 1964 விபத்து விசாரணை அறிக்கை, பாதையைக் கைவிடும் முடிவு அடங்கிய கோப்பு என உங்கள் ஆவண அறைகளில் இருப்பவற்றை ஒளிவருடி எடுத்துப் பொதுமக்கள் பார்வைக்கு வையுங்கள். அறுபது ஆண்டு பழைய காகிதத்தில் இனி என்ன ரகசியம்? தமிழில் ஒரு சுருக்கமும் சேர்த்து வைத்தால் பள்ளிப் பிள்ளைகளுக்கு உதவும்.

அந்த வரைபடத்தைக் கொண்டு, இடிபாடுகளுக்கு நடுவே சின்னதாகச் சில பலகைகள். இது டிக்கெட் அறை, இது பிளாட்பாரம், சுங்கச் சோதனை இங்கே, கப்பலுக்கு இந்த வழி. விளக்கொளி, ஒலிக்காட்சி, செல்ஃபி மேடை எதுவும் வேண்டாம்; தயவுசெய்து வேண்டவே வேண்டாம். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் 'தனுஷ்கோடி' என்று உங்கள் வழக்கப்படி ஒரு நிலையப் பெயர்ப்பலகை வைத்தால் போதும். எந்த நிலையத்துக்கும் அதுதானே முகம்? சுவர்களை உப்பரிப்பிலிருந்து காப்பாற்றும் வேலையைத் தொல்லியல் துறையோடு பேசுங்கள். அது உங்களால் தனியாக ஆகிற காரியம் இல்லை. சிமெண்ட் பூசி வெள்ளையடித்துவிடுவார்களோ என்று எனக்கு உள்ளூர ஒரு பயம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்து பழைய பாம்பன் பாலம். 2022 டிசம்பர் 23 அன்று அதில் ரயில் நின்றது. புயல் விடிந்த அதே தேதி. ஐம்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து. தற்செயல்தான், ஆனாலும் மனம் கேட்கவில்லை. 2025 ஏப்ரல் 6 முதல் புதிய பாலத்தில் வண்டிகள் ஓடுகின்றன. 72.5 மீட்டர் நீளமுள்ள அதன் நடுப்பகுதி அப்படியே மேலே எழும்புவது பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் எழும்புகிறது. பழைய பாலத்தில் இரு பக்கமும் ஊழியர்கள் நின்று கைவலுவால் திறப்பார்கள். இரண்டு இறக்கைகளும் மெல்ல மெல்ல நிமிரும். படகுக்காரர்கள் கீழேயிருந்து கையசைப்பார்கள். காற்று 58 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் வண்டியை விடாமல் நிறுத்திவைத்த பாலம் அது. 1964-இல் எல்லாம் விழுந்தபோது விழாமல் நின்ற ஷெர்சர் பகுதியைத் துண்டு துண்டாக வெட்டி எடைக்குப் போட்டுவிட்டால் அதைவிடப் பெரிய அபத்தம் இருக்காது. கடலில் வைத்துப் பராமரிக்க முடியாது என்றால் ஒற்றை இறக்கையையாவது பாம்பன் கரையில் நிமிர்த்தி வையுங்கள். அதைத் திறந்து மூடிய ஊழியர்களின் பெயர்களும் பக்கத்தில் இருக்கட்டும். ராமேஸ்வரம் நிலையத்தைப் புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அதில் கோபுரம் போன்ற முகப்பு வைப்பதோடு நின்றுவிடாமல், போட் மெயிலுக்கு என்று ஓர் அறை ஒதுக்குங்கள். அந்த அறையில் காகித டிக்கெட்டும் இருக்க வேண்டும், தகர டிக்கெட்டும் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் வைத்தால் அது பாதி வரலாறு.

கடைசியாக ஒன்று. காகிதத்தில் ஏறாத வரலாறு ஆட்களிடம் இருக்கிறது. தனுஷ்கோடிப் பாதை இருந்த காலத்தில் பத்து வயதில் அதில் ரயிலில் போனவருக்கு இன்று எழுபதைத் தாண்டிவிட்டது. அங்கே வேலை பார்த்தவர் என்றால் எண்பதுக்கு மேல். அந்தப் பையனின் கேள்விக்குப் பிறகு நான் பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் பக்கம் விசாரித்துப் பார்த்ததில் ஒன்பது பேர் கிடைத்திருக்கிறார்கள். ஒரு பாட்டி, கப்பல் வரும் நேரத்தை ஊர்ப் பெண்கள் எப்படித் தெரிந்துகொள்வார்கள் என்று சொன்னார்: பயணிகளுக்குச் சோறு விற்கும் கடைகளில் அடுப்புப் புகை எழும்பினால் இன்னும் ஒரு மணி நேரத்தில் வண்டி வரும் என்று கணக்காம். இன்னொருவர் தனுஷ்கோடி நிலைய மணியின் ஓசையை வாயால் ஒலித்துக் காட்டுகிறார். ரயில் வருவதற்கு ஒரு விதம், கப்பல் கிளம்புவதற்கு வேறு விதம். இதையெல்லாம் நான் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் மணியோசையை எப்படி எழுதுவது?

ஒலிப்பதிவுக் கருவியோடு ஒருவரை அனுப்புங்கள். வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்கு முன்னால் அனுப்பினால் நல்லது. நானே கூடவே வந்து வீடு காட்டுகிறேன். ஒன்பது பேரில் மூன்று பேருக்குக் காது கேட்காது, உரக்கப் பேச வேண்டும். மணியோசை எழுப்பிக் காட்டுகிறவர் மதியம் சாப்பிட்டதும் தூங்கிவிடுவார். பதினோரு மணிக்குள் போய்விட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு வரலாற்று ஆசிரியர்